பியாட்ரிஸ் ரேடியோவில் வாசித்த நாள்

ஒன்பதாம் அத்தியாயம்

பூட்டிய வீட்டைப் பார்த்துவிட்டுப் பிள்ளை திரும்பிப் போய்விடுவானே என்ற ஒரே காரணத்துக்காகத்தான் ஆரோக்கியநாதன் சாந்தோமை விட்டுக் கிளம்பவில்லை.

விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் ஜப்பான்காரன் குண்டு போட்ட மறுநாளிலிருந்தே சென்னப்பட்டணம் மூட்டை கட்டத் தொடங்கிவிட்டது. மயிலாப்பூர் மாடவீதிகளில் வீட்டுக்கு வீடு பூட்டுத் தொங்கியது. தியாகராய நகரில் புதுப் பங்களாக்களைக் காவற்காரனிடம் ஒப்படைத்துவிட்டு அவரவர் சொந்த ஊருக்கு ரெயிலேறினார்கள். சாந்தோம் கோயிலில் ஞாயிற்றுக்கிழமைப் பூசையின்போது முதல் பெஞ்சியில் உட்காரக்கூட ஆள் இல்லை.

“நாமும் நாகப்பட்டினம் சித்தி வீட்டுக்குப் போயிடலாமேப்பா” என்று கடைசி மகள் மர்சலின் கேட்டபோதெல்லாம் அவர் சொன்ன பதில் ஒன்றுதான்.

“லியோனார்ட் வந்து கதவைத் தட்டுவாம்மா. தொறக்க ஆள் வேணாமா?”

லியோனார்ட் ரங்கூனில் இருந்தான். டிசம்பரில் அங்கே குண்டு விழுந்த பிறகு அவனிடமிருந்து ஒரு வரி இல்லை. ரங்கூன் விழுந்தது. பர்மாவிலிருந்து ஜனங்கள் மலையேறி, காடு கடந்து, நடந்தே வருகிறார்கள் என்று பத்திரிகைகள் எழுதின. ஆரோக்கியநாதன் தினமும் சாயங்காலம் சென்ட்ரல் ஸ்டேஷனுக்குப் போய்க் கல்கத்தா மெயிலில் வந்து இறங்குகிறவர்களின் முகங்களைப் பார்த்துவிட்டுத் திரும்பினார். தாயில்லாத வீடு அது. மூன்று பிள்ளைகளையும் தனியாளாக வளர்த்தவர்.

அந்த வீட்டின் மூத்த மகள்தான் பியாட்ரிஸ். வயது முப்பத்து நான்கு. பியானோ வாசிப்பவள்.

பியானோ வாசிக்கிற பெண்கள் சாந்தோமில் பலர் உண்டு. கன்னியாஸ்திரீகளிடம் படித்து, லண்டன் பரீட்சை எழுதி, கல்யாண விருந்துகளில் வால்ட்ஸ் வாசித்து, அப்படியே தங்கள் கல்யாணத்தையும் முடித்துக்கொண்டு போனவர்கள். பியாட்ரிஸும் அப்படித்தான் ஆரம்பித்தாள். அவளுடைய பத்தொன்பதாம் வயதில், துறைமுகத்தில் நின்ற ஒரு கப்பலின் வாத்தியக்காரர் விருந்தொன்றில் விளையாட்டாக எதையோ வாசித்தார். அது அவள் அதுவரை கேட்ட எந்தச் சங்கீதம் போலவும் இல்லை. இனிமையாய்த் தொடங்கி எங்கேயோ முறிந்தது. முறிந்த இடத்திலேயே நின்று யோசித்தது.

“இதை எழுதியவர் எப்போது காலமானார்?” என்று கேட்டாள் பியாட்ரிஸ்.

“காலமாகவா? போன மாதம் அவரோடு காப்பி சாப்பிட்டேன்” என்றார் அவர்.

அன்றைக்கு அவள் வழி திரும்பியது. செத்துப்போனவர்களின் சங்கீதத்தை வாசிக்க உலகம் முழுக்க ஆள் இருக்கிறது, உயிரோடு இருந்து எழுதுகிறவனுக்கு யார் இருக்கிறார்கள் என்று கேட்டாள். ஐரோப்பாவில் இன்று, இப்போது எழுதப்படுகிற புதிய சங்கீதத்தைத் தவிர வேறு எதையும் மேடையில் வாசிப்பதில்லை என்று முடிவு செய்தாள். முடிவு செய்ததற்குரிய பலனும் வந்து சேர்ந்தது. பிள்ளைகளை அவளிடம் பாடம் படிக்க அனுப்பியவர்கள் நிறுத்திக்கொண்டார்கள். “கல்யாணத்துக்கு அப்புறம் இந்தச் சத்தமெல்லாம் கூடாது” என்றார்கள், பெண் பார்க்க வந்தவர்கள். அவர்களுக்கு விடை கொடுத்து அனுப்பினாள். பங்குக் கோயில் மண்டபத்தில் வருஷம் ஒரு கச்சேரி நடத்துவாள். முதல் உருப்படிக்கு உட்கார்ந்தவர்களில் பாதிப்பேர் இரண்டாவதற்கு இருக்க மாட்டார்கள்.

இளவயது முதல் கோயிலில் ஆர்மோனியம் வாசித்துப் பாடகர் குழுவை நடத்திய ஆரோக்கியநாதனுக்கே அது பிடிக்கவில்லை. “இன்னாம்மா இது, பாட்டா? பாத்திரக் கடையில பூனை பூந்த மாதிரி கீதே!” என்பார். ஆனால் ஒருநாளும் பியானோவை மூடு என்று சொன்னதில்லை.

கடைசிவரை உட்கார்ந்து கேட்டவன் லியோனார்ட் ஒருவன்தான். அரை டிராயர் போட்ட காலத்திலிருந்து அக்காவின் பக்கத்தில் நின்று பக்கம் புரட்டினான். பெரியவனானதும் ரங்கூனில் ஒரு வெள்ளைக்கார வாத்தியக் கடையில் வேலை தேடிக்கொண்டான். அங்கே கப்பலில் புதுப் புதுச் சங்கீதப் பிரதிகள் வந்து இறங்கும். விற்பதற்கு முன் அவற்றை மசியில் பிரதி எடுத்து அக்காவுக்குத் தபாலில் அனுப்புவான். அவள் வாசித்ததில் பாதிக்கு மேல் அவன் கையெழுத்து.

இப்போது யுத்தம் அவளுக்கு ஒரு கதவைத் திறந்திருந்தது. எழும்பூர் ரேடியோ நிலையத்தில் வழக்கமாகப் பியானோ வாசித்த துரைசானி குண்டுக்குப் பயந்து ஊட்டிக்குப் போய்விட்டாள். அரைமணி நேரம் வாசிக்க முடியுமா என்று பியாட்ரிஸைக் கேட்டார்கள். என்ன வேண்டுமானாலும் வாசிக்கலாமா என்று கேட்டாள். சரி என்றார்கள்.

அந்த அரைமணி இன்றைக்கு.

காலையிலேயே அவள் அடையாற்றுக்குப் போய்விட்டாள். ஆளில்லாத ஒரு பங்களாவில் பெரிய பியானோ ஒன்று இருந்தது, காவற்காரன் கதவைத் திறந்துவிடுவான். வீட்டுப் பியானோவின் கம்பிகளைக் கடற்காற்று தின்றுவிட்டிருந்தது. அங்கே பழகிவிட்டு நேரே எழும்பூருக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

அவள் போன சிறிது நேரத்தில் கதவு தட்டப்பட்டது.

ஆரோக்கியநாதன்தான் ஓடிப்போய்த் திறந்தார்.

வாசலில் நின்றவனுக்கு முப்பது வயதிருக்கும். உடம்புக்குப் பொருந்தாத பெரிய சட்டை. கால் இரண்டிலும் துணி சுற்றியிருந்தது.

“லியோனார்டோட வாப்பா நீங்கதானா?”

“ஆமா. நீங்க?”

“என் பேரு பீர் முஹம்மது. கீழக்கரை. ரங்கூன்ல உங்க மகனும் நானும் ஒரே மாடியில குடியிருந்தோம். ரெண்டு பேரும் சேந்துதான் கிளம்பினோம், நடந்து.”

ஆரோக்கியநாதன் அவனுடைய தோளுக்கு மேலாகத் தெருவை எட்டிப் பார்த்தார்.

“அவன் பின்னால வரானா?”

பீர் முஹம்மது ஓரடி பின்னால் நகர்ந்தான். தண்ணீர்ச் செம்போடு வந்த மர்சலின் அவன் முகத்தைப் பார்த்தாள். செம்பு அவள் கையிலேயே சாய்ந்து புடவை நனைந்தது.

“பிப்ரவரி மாசம், ஐயா” என்றான் அவன் மெதுவாக. “புரோமைத் தாண்டி மலைப்பாதையில. காலரா.”

ஆரோக்கியநாதன் நாற்காலியைத் தடவிப் பிடித்துக்கொண்டார். உட்காரவில்லை. அழவும் இல்லை. பிறகு ஒரு கேள்வி கேட்டார்.

“அவஸ்தைப்பூசுதல் கெடைச்சுதா?”

அவனுக்குப் புரியவில்லை.

“சாகறதுக்கு முன்னாடி எங்க சாமியார் வந்து எண்ணெய் பூசி ஜெபம் சொல்லுவாரு. அது இல்லாம ஒரு ஆத்துமா போறது...” அவர் அவனருகே வந்தார். “யாராவது சாமியார் இருந்தாரா, தம்பி? கூட்டத்துல யாராவது?”

பீர் முஹம்மது அந்தக் கிழவரின் முகத்தைப் பார்த்தான். தரையைப் பார்த்தான்.

“இருந்தாரு” என்றான்.

“இருந்தாரா?”

“வெள்ளைத்தாடி வச்ச சாமியார். வந்து எண்ணெய் பூசினாரு. உங்க மகன் கையில ஜெபமாலை இருந்துச்சு. வலி இல்லாமத்தான் போச்சு, உசிரு.”

“அடக்கம்?”

“செஞ்சோம் ஐயா. மூங்கில்ல சிலுவை கட்டி நட்டோம்.”

“சேசுவே!” என்றார் ஆரோக்கியநாதன். அப்போதுதான் கண்ணில் நீர் வந்தது. பீர் முஹம்மதுவின் இரண்டு கைகளையும் பிடித்து முத்தமிட்டார். அவன் நெருப்புப் பட்டவன் போலக் கைகளை இழுத்துக்கொண்டான்.

“சாயங்காலம் எழும்பூர்ல ரெயிலு. பொஞ்சாதியோட ஊருக்குப் போறேன். தங்க முடியாது” என்றான் அவசரமாக. “அக்கா எங்கே? அவன் பேசினதெல்லாம் அக்காவைப் பத்தித்தான்.”

“அவளுக்கு இப்போ தெரிய வேணாம்” என்றார் ஆரோக்கியநாதன். “இன்னிக்கு ரேடியோவில வாசிக்கிறா. முடியட்டும். நானே சொல்லிக்கிறேன்.”

அவன் போனதும் மர்சலின் வெடித்தாள்.

“அப்பா, இது பாவம்! அண்ணன் செத்துக் கிடக்கு, அக்கா அங்கே சந்தோஷமா வாசிக்கிறதா? நாளைக்குத் தெரிஞ்சா நம்ம முகத்துல முழிக்குமா?”

“அந்த அரைமணிக்கு அவ பதினஞ்சு வருஷமா காத்துக்கினு இருந்தாம்மா” என்றார் அவர். “அதை மட்டும் அவ கையில குடுத்துடுவோம். அப்புறம் வாழ்க்கை பூரா அழத்தானே போறோம்.”

ரேடியோ நிலையத்தில் பியாட்ரிஸுக்கு வேறொரு வாக்குவாதம் நடந்துகொண்டிருந்தது.

நிகழ்ச்சி அதிகாரி ஸ்ரீரங்கன் நல்லவர். சங்கீதம் தெரிந்தவர். ஆனாலும் கடைசி நிமிஷத்தில் அவருக்குப் பயம் வந்துவிட்டது.

“கடைசி உருப்படியை மட்டும் மாத்திக்கப்படாதா? ஜனங்களே கலங்கிப் போயிருக்கா. தெரிஞ்ச வால்ட்ஸ் ஒண்ணு வாசிச்சு முடிச்சேள்னா எல்லாருக்கும் ஆறுதலா இருக்கும்.”

“ஆறுதலுக்கு உங்க கிட்ட கிராமபோன் ரிக்கார்டு நிறைய இருக்கு சார்” என்று சிரித்தாள் பியாட்ரிஸ். அன்றைக்கு அவள் நல்ல மனநிலையில் இருந்தாள். காலையில் விரல்கள் சொன்னபடி கேட்டிருந்தன. “கடைசி உருப்படி என் தம்பி கையால எழுதி அனுப்பினது. அதை விட மாட்டேன்.”

“சரி, உங்க இஷ்டம்” என்றார் ஸ்ரீரங்கன்.

அந்தச் சமயத்தில் சேவகன் வந்து சொன்னான்.

“அம்மா, உங்களைப் பாக்கணும்னு கேட்டாண்ட ஒருத்தர் நின்னுகினு கீறாரு. ரங்கூன்லேர்ந்து வராராம்.”

பியாட்ரிஸ் எழுந்த வேகத்தில் நாற்காலி சாய்ந்தது. படிகளில் ஓடினாள். முற்றத்து வெயிலில் செருப்பில்லாமல் ஓடினாள்.

“லியோ!” என்று கூப்பிட்டுக்கொண்டேதான் ஓடினாள்.

கேட்டுக்கு அருகே தூங்குமூஞ்சி மரத்தடியில் நின்ற மனிதன் திரும்பினான். அது லியோனார்ட் அல்ல.

“நான் பீர் முஹம்மது, அக்கா” என்றான் அவன். “அவன் அக்கா அக்கான்னே சொல்லிச் சொல்லி எனக்கும் அப்படித்தான் வருது.”

“தம்பி எங்கே?”

“காலையில உங்க வீட்டுக்குப் போனேன். வாப்பாகிட்ட ஒண்ணு சொல்லிட்டு வந்தேன். அது பொய். அவர் கேட்ட கேள்விக்கு என்னால உண்மையைச் சொல்ல முடியல. ஆனா யார்கிட்டயும் சொல்லாம ஊருக்குப் போனா நான் மனுசனில்ல. ரெயிலு ஏறதுக்கு முன்னால உங்ககிட்ட சொல்லிடணும்னு வந்தேன்.”

சாமியாரையும் எண்ணெயையும் மூங்கில் சிலுவையையும், வாசித்து முடியும்வரை அவளுக்குத் தெரிய வேண்டாம் என்று அப்பா சொன்னதையும் அவன் முதலில் சொன்னான். பிறகு நடந்ததைச் சொன்னான்.

மலைப்பாதையில் ஆயிரக்கணக்கான பேர். தண்ணீர் இல்லை. நடக்க முடியாதவர்கள் பாத்திரத்தை எறிந்தார்கள், பெட்டியை எறிந்தார்கள், கடைசியில் துணியையும் எறிந்தார்கள். லியோனார்ட் மட்டும் முதுகில் ஒரு காகிதக் கட்டைச் சுமந்து வந்தான்.

“என்ன காகிதம்?”

“உங்க பாட்டு, அக்கா. கடையை அடைக்கும்போது இருந்த புதுசையெல்லாம் எடுத்துக் கட்டிக்கிட்டான். அரிசியைத் தூக்குடா, இதை எறிடான்னு நான் சண்டையே போட்டேன். அக்கா கேட்டிருக்கு, இது இங்கே எங்கேயும் கெடைக்காதுன்னான்.”

நவம்பரில் அவள்தான் எழுதியிருந்தாள். ஐரோப்பாவிலிருந்து எதுவுமே வருவதில்லை, எப்படியாவது அனுப்பு என்று.

“அப்புறம் அவனுக்கு வயித்தால போக ஆரம்பிச்சுது. நடக்க முடியல. ஒரு பொழுது அவனைத் தோள்ல போட்டுக்கிட்டு நடந்தேன். என் பொஞ்சாதி ஜமீலுன்னிசா அப்போ முழுகாம இருந்தா. அவளுக்கும் காய்ச்சல். இருட்டறதுக்குள்ள தண்ணி இருக்கிற இடத்துக்குப் போகலைன்னா எல்லாரும் செத்தோம். அவளைத் தூக்குறதா, அவனைத் தூக்குறதா?”

பியாட்ரிஸ் மரத்தில் சாய்ந்துகொண்டாள்.

“ஒரு மரத்தடியில படுக்க வச்சேன். அந்தக் காகிதக் கட்டைத் தலைக்கு வச்சேன். தகர டப்பாவில இருந்த தண்ணியைப் பக்கத்துல வச்சேன். போடா, போய்க்கிட்டே இருன்னு கையால காட்டினான். திரும்பிப் பாக்காம வந்துட்டேன்.”

“அப்போ அவன்...”

“மூச்சு இருந்துச்சு, அக்கா.”

தெருவில் ஒரு டிராம் மணியடித்துக்கொண்டு போனது.

“அந்த வழியா பின்னால வந்தவங்களை எல்லாம் சிட்டகாங் முகாம்ல கேட்டேன். மரத்தடியில நிறையப் பேர் கிடந்தாங்கன்னு சொன்னாங்க. அதுல எவன் யாருன்னு யாருக்குத் தெரியும்?” பீர் முஹம்மது சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். “என்னைத் திட்டுங்க அக்கா. ரெண்டு வார்த்தை திட்டுங்க.”

“உங்க மனைவி எப்படி இருக்காங்க?”

“ஸ்டேஷன்ல உக்காந்திருக்கா. புள்ளை தங்கல.”

மன்னித்தேன் என்று சொல்ல பியாட்ரிஸ் வாயைத் திறந்தாள். அந்தச் சொல் வரவில்லை.

“நீங்க போங்க. ரெயில் தப்பிடும்” என்றாள்.

அவன் விந்தி விந்திப் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவனைத் துரத்திப் பிடித்து, எந்த மரம், எந்தப் பக்கம், என்ன அடையாளம் என்றெல்லாம் கேட்க வேண்டும் போலிருந்தது. கால் நகரவில்லை. சேவகன் வந்து, “அம்மா, உள்ள கூப்புடறாங்கோ” என்றான். அவள் திரும்பி நடந்தாள்.

மயிலாப்பூர் கச்சேரி சாலையில் வக்கீல் சுப்பராமன் வீட்டில் ரேடியோப் பெட்டி இருந்தது. மனைவி மக்களைக் கும்பகோணத்துக்கு அனுப்பிவிட்டுத் தனியாகச் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார் அவர். ஆரோக்கியநாதனும் மர்சலினும் வந்ததும் இரண்டு நாற்காலிகளை இழுத்துப் போட்டார்.

“வாங்கோ, வாங்கோ! இன்னிக்கு நம்ம பியாட்ரிஸ் ஆச்சே! ஆத்துல காப்பிப் பொடி கிடையாது, மோர்தான் தர முடியும்.” அவர்களுடைய முகங்களைப் பார்த்துவிட்டு நிறுத்தினார். “உடம்புக்கு ஏதாவது?”

“ராத்திரி தூக்கமில்லை” என்றார் ஆரோக்கியநாதன்.

வழியெல்லாம் மர்சலின் அவரோடு பேசவில்லை. இப்போதும் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்தாள்.

பெட்டி கரகரத்தது. பியாட்ரிஸின் பெயரை இங்கிலீஷில் சொன்னார்கள். ஆரோக்கியநாதன் தலைப்பாகையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார், கோயிலில் வைப்பதுபோல.

முதல் இரண்டு உருப்படிகளும் அவருக்குத் தெரிந்தவை. வீட்டில் மாதக்கணக்காகக் கேட்டு எரிச்சல்பட்டவை. ஆனால் இன்று ஏதோ வித்தியாசமாக இருந்தது. அவள் வழக்கமாக விரைந்து போகும் இடங்களில் விரையவில்லை. ஒவ்வொரு ஸ்வரத்தையும் தொட்டுப் பார்த்து, இது இருக்கிறதா என்று உறுதி செய்துகொண்டு அடுத்ததற்குப் போவது போலிருந்தது.

மூன்றாவது உருப்படி லியோனார்ட் பிரதி எழுதி அனுப்பியது. கீழ்க்கட்டையில் ஒரே ஸ்வரம் நடந்துகொண்டே இருந்தது. மேலே இரண்டு குரல்கள் ஒன்றையொன்று தேடின, சேரவில்லை. ஒரு கட்டத்தில் மேற்குரல்கள் இரண்டும் நின்றன. கீழே நடந்த ஸ்வரமும் நின்றது.

நின்றது நின்றபடியே இருந்தது.

பிரதியில் அந்த இடத்தில் ஓரமாக லியோனார்ட் தமிழில் எழுதியிருந்தான்: ‘அக்கா, இங்கே கொஞ்சம் மூச்சு விட்டுக்கோ.’ எத்தனையோ முறை பார்த்த வரிதான். ஸ்டூடியோவின் சிவப்பு விளக்குக்குக் கீழே பியாட்ரிஸ் அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். கண்ணாடிக்கு அப்பால் ஸ்ரீரங்கன் கையைப் பிசைந்தார்.

கச்சேரி சாலையில் சுப்பராமன் எழுந்தார்.

“பெட்டி மக்கர் பண்றது. இருங்கோ, ஒரு தட்டு தட்டினாச் சரியாயிடும்.”

“வேணாம், விடுங்க” என்றார் ஆரோக்கியநாதன். “அது பாட்டுதான்.”

மர்சலின் திரும்பிப் பார்த்தாள். தந்தையின் கன்னங்களில் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. அவர் துடைத்துக்கொள்ளவில்லை.

“இத்தினி நாளா எனக்குக் காது இல்லைம்மா” என்றார். “இத்தினி நாளா அவ இதைத்தான் சொல்லிக்கினு இருந்திருக்கா.”

மர்சலின் நாற்காலியை நகர்த்தி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்போது மறுபடியும் பியானோ தொடங்கியது. கீழ்க்கட்டையின் அந்த ஒற்றை ஸ்வரம் மட்டும் நடந்து, நடந்து, தேய்ந்து போயிற்று.

ஸ்டூடியோக் கதவு திறந்ததும் ஸ்ரீரங்கன் ஓடி வந்தார்.

“நடுவுல பயந்தே போயிட்டேன்! ஆனா என்னன்னு சொல்றது, மிஸ் பியாட்ரிஸ், நான் இந்த மாதிரி கேட்டதேயில்லை. இனிமே மாசத்துக்கு ஒரு தடவை இந்த அரைமணி உங்களுக்குத்தான். எது வேணுமோ வாசியுங்கோ. நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன்.”

பதினைந்து வருஷமாக எந்த வார்த்தைக்காக அவள் காத்திருந்தாளோ, அந்த வார்த்தை அது.

“வெளியே போற வழி எந்தப் பக்கம் சார்?” என்று கேட்டாள் பியாட்ரிஸ்.

டிராமில் உட்கார்ந்து மடியில் கிடந்த தன் கைகளைப் பார்த்தாள். இந்தக் கைகளுக்காக ஒருவன் அரிசியை விட்டுவிட்டுக் காகிதம் சுமந்திருக்கிறான். அந்தக் காகிதம் என்ன எடை இருந்திருக்கும்? அது இல்லாவிட்டால் இன்னும் ஒரு காத தூரம் நடந்திருப்பானா? தண்ணீர் இருந்த இடம் வரைக்கும்?

அப்பாவுக்குக் காலையிலேயே சேதி தெரிந்திருக்கிறது. தெரிந்தும் தனக்காக மறைத்திருக்கிறார். தனக்குத் தெரிந்தது மட்டும் அவருக்குத் தெரியக்கூடாது. அவர் சொல்லும்போது இப்போதுதான் கேட்பவள் போல அழ வேண்டும். அதற்கு ஒன்றும் சிரமப்பட வேண்டியிராது என்று நினைத்துக்கொண்டாள்.

வீட்டில் அவர்கள் அவளுக்காகக் காத்திருந்தார்கள். வெளியே வெளிச்சம் தெரியாதபடி ஜன்னலில் கறுப்புக் காகிதம் ஒட்டியிருந்ததால் உள்ளே அதற்குள் இருட்டிவிட்டிருந்தது. ஆரோக்கியநாதன் மகளைப் பக்கத்தில் உட்கார வைத்தார்.

“நல்லா வாசிச்சேம்மா. இன்னிக்குத்தான் எனக்குக் கேட்டுது.”

“ம்.”

“ஒரு சேதி சொல்லணும். தைரியமா கேட்டுக்கணும்.” அவர் அவள் தலையில் கை வைத்தார். “நம்ம லியோனார்ட் போயிட்டாம்மா.”

அவள் அழுதாள். எதையும் நடிக்கவில்லை. அவர் அவள் முதுகைத் தடவிக்கொண்டே, தனக்குக் கிடைத்த ஆறுதல் முழுவதையும் மகளுக்குக் கொடுத்தார். வெள்ளைத்தாடிச் சாமியாரைச் சொன்னார். எண்ணெய் பூசியதைச் சொன்னார். ஜெபமாலையைச் சொன்னார். மூங்கில் சிலுவையைச் சொல்லும்போது அவர் குரலில் ஒரு சிறு பெருமைகூட இருந்தது. “அந்தக் காட்டுல, அத்தினி பேர் அநாதையா கெடந்த எடத்துல, எம்புள்ளைக்கு அடக்கம் நடந்திருக்கு. யாருக்கு கெடைக்கும்?”

“ஆமாப்பா.”

“வியாழக்கிழமை இறந்தவர் பூசை வச்சிடுவோம். சாமியார்கிட்ட காலையிலேயே போய்ச் சொல்லிடறேன். நானே பாடறேன். ஊரான் புள்ளைங்களுக்கெல்லாம் பாடினேன், எம்புள்ளைக்குப் பாட மாட்டேனா?”

பியாட்ரிஸ் தலை நிமிர்ந்தாள்.

“பூசை... இப்ப வேண்டாம்பா.”

“ஏம்மா?”

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“உனக்கு மனசு வரலை. எனக்கு மட்டும் வருதா?” என்றார் ஆரோக்கியநாதன். “ஆனா அவன் உத்தரிக்கிற ஸ்தலத்துல நம்மளையே பாத்துக்கினு இருப்பாம்மா. நாம பூசை வச்சாத்தானே அவனுக்கு விடுதலை. புள்ளையை அங்கே காக்க வெக்கலாமா?”

பியாட்ரிஸ் இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகையை அடக்குவதாக அவர் நினைத்தார்.

“சரிப்பா” என்றாள் கடைசியில். “வியாழக்கிழமையே வச்சுக்கலாம்.”

எழுந்து கொல்லைப்புறம் போனாள். கிணற்றடியில் நின்று முகத்தில் தண்ணீரை அடித்துக்கொண்டாள். பின்னாலேயே மர்சலின் வந்து நின்றது தெரிந்தது.

“அக்கா, அப்பா சொன்னப்போ நீ ஒண்ணுமே கேக்கலை” என்றாள் மர்சலின் தணிந்த குரலில். “எப்போன்னு கேக்கலை. எங்கேன்னு கேக்கலை. உனக்கு முன்னமே தெரியும்.”

பியாட்ரிஸ் வாளியைக் கீழே வைத்தாள்.

“காலையில அந்த மனுஷர் பேசினப்போ நான் அவரையே பாத்துக்கிட்டிருந்தேன். அப்பா அவர் கையில முத்தம் குடுத்தப்போ அவர் முகம் போன போக்கு... அவர் பொய் சொன்னார். உன்கிட்ட வந்துதான் நெஜத்தைச் சொல்லியிருக்கணும்.” மர்சலின் அவள் தோளைப் பிடித்துத் திருப்பினாள். “சொல்லிடு. அண்ணன் எப்படிச் செத்துப் போச்சு?”

உள்ளே ஆரோக்கியநாதன் இறந்தவர் பூசைப் பாட்டை மெல்ல முனகிப் பார்ப்பது கேட்டது. மேல் ஸ்தாயிக்குப் போகும் இடத்தில் குரல் எட்டாமல் நிறுத்தி, மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தார்.

பியாட்ரிஸ் தங்கையின் கைகளைத் தன் ஈரக் கைகளால் இறுகப் பிடித்துக்கொண்டாள்.

“செத்துப் போனான்னு யாருக்குடி தெரியும்?” என்றாள்.